தட்டுக்கு நான்கு உருளைக்கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்த பிறகுதான் இந்துவுக்குப் புள்ளியியல். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தொலைதூரக் கல்வியில் பி.காம். மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். இது ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. இந்த முறையும் போனால், கொழுந்தை எடைபோட்டு எழுதும் கிளார்க் வேலைக்கு மனுப் போட வயது தாண்டிவிடும்.

சொல்லித்தருவது பெர்சி. எஸ்டேட் வரிசைவீடுகளான லயங்களில் அடுத்ததில் குடியிருக்கும் காமர்ஸ் டீச்சர், இந்துவைவிட இளையவள். சர்ச்சுக்குப் போய்வந்து, சமைத்துக்கொண்டே சொல்லித்தருவாள்.

மறுநாள் ஒரு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். ஏதாவது அளவுகளைச் சேகரித்து, சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று திட்ட விலக்கம் காண வேண்டும். தன்னோடு பறிக்கும் பெண்களின் கொழுந்து எடையை இந்து எழுதி வந்திருந்தாள்.

பெர்சி கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். “என்னக்கா, விலக்கமே காணோம்? எல்லாரும் ஒரே மாதிரி பறிச்சீங்களா? வீட்ல உக்காந்து எழுதுனதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

“நெசமான எடைதான் டீச்சர்.”

“உங்ககூடப் பறிக்கிற சாந்தம்மா பெரியம்மாவுக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது. அதும் உங்க அளவுக்குப் பறிச்சுச்சாக்கும்?”

இந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எடை குறைந்துகொண்டே போனால் சாந்தம்மாளை நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். அதனால் நிறுவைக்கு முன்னால், கூடுதலாகப் பறித்தவர்கள் அள்ளிப்போடும் கொழுந்து அவள் சாக்கில் விழும்; எல்லாச் சாக்கும் ஏறக்குறைய ஒரே எடைக்கு வந்துவிடும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதையெல்லாம் இந்து பெர்சியிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள்.

“அட, அதையே காரணமா எழுதுங்கக்கா. முழு மார்க்கு.”

“திருத்துற சாரு சாயங்காலமானா மேனேஜர் பங்களாவுல ஷட்டில் ஆடுறவரு, அவரு காதுல போட்டுருவாரு. அந்தப் பெரியம்மா குடியக் கெடுக்க மாட்டேன். வேற ஏதாச்சும் சொல்லுங்க.”

பெர்சி அடுப்பைத் தணித்தாள். பக்கத்து வட்டவடை ஊரில் விளைந்த உருளைக்கிழங்குக் கூடையையும், கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசையும் கொண்டுவந்து வைத்தாள். “கொழுந்துக்குப் பதிலா இத நிறுத்து எழுதுவோம். கண்ண மூடிட்டுத் தட்டுக்கு நாலு எடுங்க. பெருசு சிறுசு பாக்கக் கூடாது.”

உள்ளறையிலிருந்து அவள் கணவன் சூசையப்பனின் குரல் வந்தது. “குழம்புக்கு மிஞ்சுமா?”

“அக்கா பாஸானா மிஞ்சும்!”

தட்டுகள் நிறைந்தன. ஒரு தட்டில் நான்கும் நெல்லிக்காய் அளவு. இந்துவின் கறுத்த விரல்கள் பக்கத்துத் தட்டிலிருந்து பெரிய கிழங்கு ஒன்றை எடுத்து அதில் வைத்தன.

“அக்கா!” பெர்சி கரண்டிக் காம்பால் அவள் கையில் தட்டினாள். “கொறஞ்சா கொறஞ்சதுதான். எடுத்துப் போடக் கூடாது.”

“கை தானாப் போயிருச்சு.” கிழங்கைத் திரும்ப வைத்துவிட்டு, வந்த எடையை அப்படியே எழுதினாள்.

“கிளார்க்காயி தராசுகிட்ட நின்னா, பெரியம்மாவுக்கும் இப்படித்தான் எழுதுவீங்களோ?”

இந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“மொதல்ல பாஸாகுறேன் டீச்சர். அடுத்த தட்ட இங்கிட்டுத் தள்ளுங்க.”