நன்றி வட்டத்தில் என் முறை

என் பழைய மேனேஜரை நினைத்தால், திங்கட்கிழமை காலை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் வட்டமாக நின்ற காட்சிதான் முதலில் வருகிறது. பெருங்களத்தூரில் இருந்த அந்தச் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அது அவர் கொண்டுவந்த வழக்கம். மகிழ்ச்சியைப் பற்றிய ஏதோ புத்தகத்தில் படித்தாராம்: வாரம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மூன்று விஷயங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏசிக்கு, காபிக்கு, தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததற்கு என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புவோம்.

அவர் கடிந்து பேசியதே இல்லை. அதுதான் அவருடைய ஆயுதம். விடுப்போ சம்பள உயர்வோ, எது கேட்டாலும் இழுப்பறையிலிருந்து ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் வரும். பல மாதம் உட்கார்ந்து நான் எழுதிய மென்பொருளை இயக்குநரிடம் தன்னுடையது என்று காட்டினார். சொந்தமாக எதுவும் செய்யவில்லை என்று டீம் லீட் பதவி எனக்கு மறுக்கப்பட்டது. நேரில் போய்க் கேட்டேன்.

“உன் மைண்ட்செட்தான்மா பிரச்சினை. வேலைல அர்த்தத்தைத் தேடு, பேரைத் தேடாத” என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். வாங்கி, முழுவதும் படித்தேன். பாதிக்கு மேல் அவர் புரட்டியதே இல்லை போலும், பக்கங்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மென்பொருளை அவ்வப்போது சரிசெய்து வந்ததையும் அன்றோடு நிறுத்தினேன். என்னுடையது இல்லையே.

ஒரு திங்கட்கிழமை இயக்குநரும் வட்டத்தில் வந்து நின்றார். சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

“மூணும் நம்ம சாருக்குத்தான். நான் எழுதின டூலை அவர் பேர்ல அவரே காட்டி, ஸ்டேஜ் ஏறுற பயம் எனக்கு இல்லாம பண்ணார். ஏன்னு கேட்டதுக்கு புக் குடுத்தார். இன்னிக்குக் காலைல அந்த டூல் நின்னுபோச்சு. சார் எழுதினதுதானே, அவரே சரி பண்ணிடுவார். அதுக்கு அட்வான்ஸா ஒரு தேங்க்ஸ்.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. “பண்ணுங்க, பக்கத்துல உக்காந்து பார்க்கறேன்” என்று மேனேஜருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தக் கோப்பைத் திறப்பது என்றே மேனேஜருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கொஞ்சம் வாம்மா.”

“நீங்க பண்ணுங்க சார், பார்த்துக் கத்துக்கறேன்.”

இன்று கூடுவாஞ்சேரியில் வேறொரு நிறுவனத்தில் ஒரு குழுவை நடத்துகிறேன். காலையில் நாங்கள் வட்டமாக நிற்பதில்லை. எழுதியவர்தான் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். ஒரே விதி அதுதான். மன்னித்துவிட்டால் மனம் லேசாகும் என்று அந்த வகைப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. அவர் என் பக்கம் திரும்பிய அந்த முகத்தை நினைக்கும்போது, மன்னிக்காமலே என் மனம் லேசாகத்தான் இருக்கிறது.