கீழ்ப்பம்பின் தலைவி

காலை ஏழே முக்காலுக்கு ரோஸ்விதா நெல்லஸ் பம்பு அடித்துக்கொண்டிருப்பார். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று வாய்க்குள் எண்ணிக்கை ஓடும். அந்த நேரத்தில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் போச்சு. ஒரு முறைப்பு கிடைக்கும், பதில் கிடைக்காது. நாற்பது முடிந்ததும் பம்பின் சிங்கமுகக் குழாய் வழியாகக் கொட்டும் தண்ணீரில் இரண்டு கைகளையும் நனைத்து, மேலங்கியில் துடைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் தன் முடிதிருத்தகத்தின் ஷட்டரைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் அவரோடு மனிதர்கள் பேசலாம்.

அந்த அடிபம்பு எங்கள் சந்தின் நடுவில் நிற்கிறது. எங்கள் நீடர்பாக் தனிக் கிராமமாக இருந்த காலத்தில் வைத்தது. ஜெர்மனியின் கொலோன் நகரம் வளர்ந்து வந்து கிராமத்தை விழுங்கியது. டிராம் வந்தது, வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. பம்பை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. பதினேழு வீடுகள் சேர்ந்தது எங்கள் கீழ்ப்பம்புக் கூட்டம். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக ரோஸ்விதாவை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. நிற்க நினைப்பவரும் மாதம் ஒருமுறை அவருடைய கத்திரிக்குக் கீழே தலை குனிந்தாக வேண்டுமே!

வயது அறுபத்திரண்டு. குட்டையான உருவம், கட்டுமஸ்தான தோள்கள். தலைமுடி எந்த மாதம் என்ன நிறத்தில் இருக்கும் என்பது அவருக்கே தெரியாது. கடைக்குப் புதிதாக வருபவரிடம் பேர் கேட்க மாட்டார். "எந்தப் பம்பு?" என்றுதான் கேட்பார். நாலு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பக்கத்தில் மேட்டுப்பம்பு இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆள் என்றால், "முடி வெட்டுறேன். காப்பி கெடையாது" என்பார். நன்றாகத்தான் வெட்டுவார், அதில் குறை சொல்ல முடியாது.

சந்துக்குக் குடிவருபவர்கள் பம்பின் வாயில் தலையைக் காட்டியாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இருபத்திரண்டு ஆண்டுக்கு முன்னால் அக்டோபர் குளிரில் நானும் காட்டினேன். பிடரியைப் பிடித்து அமுக்கிய கை ரோஸ்விதாவுடையது. "இப்ப நீ எங்காளு. உள்ள வா, துவட்டிவிடறேன்" என்று கடைக்குள் இழுத்துப்போய், துவட்டி, சீவி, கேட்காமலே கிருதாவையும் சரிசெய்து அனுப்பினார். நான் பேசும் ஜெர்மன் மொழியைக் கேட்டு, எந்த ஊர் என்று இந்தச் சந்தில் அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை.

பம்பு வற்றிப்போனால் மேலிருந்து தண்ணீர் ஊற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். அதற்கும் கண்ட தண்ணீர் ஆகாது. ஜூன் மாதப் பம்புத் திருவிழாவில் கடைசியாக அடித்த தண்ணீரைச் சாம்பல் நிற மண்ஜாடியில் பிடித்து, தக்கை அடைத்து, ரோஸ்விதாவின் கடை அலமாரியில் ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே வைத்திருப்போம். தினம் நாற்பது அடி விழுவதால் அந்த ஜாடியைத் திறக்க வேண்டிய தேவை வந்ததே இல்லை.

இந்த மே மாதம் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அந்த நேரம் பார்த்து மாநகராட்சிக் கடிதம் வந்தது: பழைய பம்புகளையெல்லாம் சோதிக்கப்போகிறார்கள். ஐந்து நிமிடம் அடித்தும் தண்ணீர் வராவிட்டால் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, காட்சிப்பொருளாக நிறுத்திவிடுவார்கள். ரோஸ்விதா படுக்கையிலிருந்தே போனில் என்னிடம் கத்தினார்: "கைப்பிடி இல்லாத பம்பு பல்லு போன சீப்புடா! ஹெரிபெர்ட்டுகிட்ட சொல்லு, தினம் நாப்பது!"

ஹெரிபெர்ட் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், எங்கள் துணைத்தலைவர். சோதனைக்கு வருபவர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று பம்பைச் சுரண்டி, கழுவி, கரும்பச்சைப் பெயின்ட் அடித்தார். சிங்கத்துக்குத் தங்க நிறத்தில் பிடரிமயிர். நாங்கள் எல்லாரும் கூட நின்றோம். சந்து முழுக்க ஒரே பெருமை.

சோதனை நாளன்று காலையில் ரோஸ்விதா ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

"ஏன்டா, கைப்பிடிக்கு எதுக்குப் போர்வை?"

"பெயின்ட் கீறிடக் கூடாதுல்ல? பத்து நாளா ஒரு ஈயைக்கூட தொட விடல!"

"பத்து நாளா யாருமே அடிக்கலையா?"

ஹெரிபெர்ட் போர்வையை அவசரமாக உருவினார்.

"அடப்பாவி! உள்ள தோல் வாஷர் சருகாயிருக்கும்டா. ஜாடித் தண்ணி எங்க?"

"அதுலதான் பம்பைக் குளிப்பாட்டினோம். வேற தண்ணி படக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

ஆய்வாளர் நேவின் ஆய்டின் முப்பது வயதுகூட ஆகாத பெண். கடிகாரத்தைப் பார்த்துச் சைகை காட்டினார். ஹெரிபெர்ட் அடித்தார். காற்று வந்தது, முனகல் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஐந்து நிமிடம் ஓடிப்போனது. அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. "ஒரு பக்கெட் குழாய்த் தண்ணி ஊத்தித் திரும்ப அடிங்களேன். நான் எதுவும் எழுத மாட்டேன்" என்றார்.

"அப்புறம் வர்றது எங்க தண்ணியா, உங்க குழாய்த் தண்ணியா? எனக்கே தெரியாம, எங்க பம்பு தண்ணி தருதுன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?" என்றார் ரோஸ்விதா.

"அப்ப எனக்கும் வேற வழியில்லைங்க." பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரோஸ்விதா அழவில்லை. கைப்பிடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அப்போது சந்து முனையில் மேட்டுப்பம்புத் தலைவர் டீட்டர் ஷெவன் வந்துகொண்டிருந்தார். தையற்காரர், எந்நேரமும் பளபளவென்று உடுத்துபவர். கையில் நீல எனாமல் கூஜா.

"என்ன ரோஸ்விதா, உங்க பம்புக் கிழவிக்குத் தாகமாம்ல?"

"வேடிக்கை பாக்க வந்தியா?"

"அதுக்குத்தான் கெளம்பினேன். பாதி வழியில ஒரு யோசனை. உன் பம்பு போயிட்டா அடுத்த வருஷம் நாங்க யாரைப் பாத்துச் சிரிக்கிறது? இந்தா, இப்பத்தான் அடிச்சது."

மேட்டுப்பம்புத் தண்ணீர் எங்கள் பம்பின் வாயில் இதுவரை பட்டதில்லை. ரோஸ்விதா கூஜாவை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"துரு வாடை அடிக்குது," என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "ரெண்டுக்கும் அடியில பூமி ஒண்ணுதானே. ஊத்து."

பாதியை ஊற்றினேன். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தோல் ஊறணும்மா. தலைக்குச் சாயம் போட்டாலே இருபது நிமிஷம் உக்காரணும். உக்காருங்க."

உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்து மீதியை ஊற்றினேன். ஹெரிபெர்ட் முன்னால் வந்தார். "நீ போய் பெயின்டைப் பாத்துக்க" என்று ஊன்றுகோலை அவர் கையில் திணித்துவிட்டு, ரோஸ்விதாவே கைப்பிடியைப் பிடித்தார். ஒன்று, இரண்டு. வலியில் உதட்டைக் கடித்தார். பத்துக்கு மேல் சந்து முழுவதும் சேர்ந்து எண்ணியது, ஜன்னல்களிலிருந்தும் குரல் வந்தது. முப்பத்தொன்றில் ஒரு களக் சத்தம். முப்பத்துநாலில் சிங்கம் செந்நிறமாகத் துப்பியது. அடுத்த நாலைந்து அடியில் கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் கொட்டியது. இந்தச் சந்தில் வாழ்வதற்காக நான் அன்றைக்குப் பட்ட பெருமையை என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

"கைப்பிடி இருக்கட்டும்" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். கைதட்டலில் அது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

ரோஸ்விதா அடிப்பதை நிறுத்தவில்லை. டீட்டரைப் பார்த்து மோவாயால் கூஜாவைக் காட்டினார். டீட்டர் அதைச் சிங்கத்தின் வாயில் பிடித்தார். கழுத்துவரை ஏறியது.

"நெறைஞ்சிடுச்சு, ரோஸ்விதா. போதும்."

ரோஸ்விதா காதில் வாங்காமல் அடித்தார். கூஜாவிலிருந்து வழிந்த தண்ணீர் தையற்காரரின் கஞ்சி போட்ட கால்சட்டை வழியாக இறங்கி, பளபளத்த பழுப்பு ஷூக்களை நிறைத்தது. டீட்டர் கூஜாவை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, காலை நகர்த்தாமல் நின்றுகொண்டிருந்தார்.