எனங்கா போட்ட ஒன்பது

எங்கள் மலை ஊரான பூயாவில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிற யாரைக் கேட்டாலும் எனங்காவைத் தெரியும் என்பார்கள். மோலிக்கோ சாலையில் அச்சகத்துக்கு மேலே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்கிற கூடம் இருக்கிறது. அதில் ஜன்னலோர மேசை அவளுடையது. மலையிலிருந்து மேகம் இறங்கினால் முதலில் நனைவது அந்த மேசைதான். ஆனாலும் இடம் மாற மாட்டாள்.

அவள் அப்பா டோலே தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். பல்கலைக்கழகத்தில் கணினி படித்தபோது எனங்காவிடம் சொந்தமாகக் கணினி இல்லை. தோழிகள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர்களுடையதை இரவல் வாங்குவாள். கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால், கையேட்டை முன்பே படித்து மனதில் ஏற்றிக்கொண்டு போவாள். மற்றவர்கள் கையேட்டை வேறு வழியில்லாமல் திறப்பார்கள். அவள் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படிப்பாள்.

அந்தப் பழக்கம்தான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊரில் இணையம் விலை அதிகம், மழை பெய்தால் நத்தை வேகம். அதனால் ஒரு கையேட்டை ஒருவர் இணையத்திலிருந்து இறக்கிக் கூடத்தின் பொது ஹார்ட் டிஸ்க் வட்டில் போடுவார், மற்றவர்கள் அதிலிருந்து பென்டிரைவில் எடுத்துக்கொள்வார்கள். வட்டில் இடம் குறைவு. எதை வைப்பது, எதை நீக்குவது என்று யாராவது சொல்ல வேண்டும். அதை எனங்கா சொன்னாள். பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கீழே நாலு வரி எழுதி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுவாள்.

அந்தச் சீட்டுகளைப் படிக்கவே சிலர் மாடியேறி வருவார்கள். "இது கையேடு இல்லை, கல்யாணப் பத்திரிகை. ஊரையே அழைக்கிறது, மண்டபம் எங்கே என்று சொல்லவில்லை. மூன்று மார்க்" என்று ஒன்றைப் பற்றி எழுதியிருந்தாள். எல்லோரும் அவளை 'மேடம் டென்' என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்வது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உள்ளுக்குள் ரொம்பப் பிடித்திருந்தது.

கைபேசி வழியாகப் பணம் வாங்குகிற நிரலுக்கு இரண்டு கையேடுகள் வந்தன. ஒன்று வண்ணப் படங்களோடு, சின்னச் சின்ன வாக்கியங்களோடு, படிக்கச் சுகமாக இருந்தது. மற்றது எழுத்தும் எண்ணுமாக நீண்டுகொண்டே போனது. எனங்கா எப்போதும் செய்கிற மாதிரி ஒரு சின்ன வேலையை எடுத்து, முதல் கையேட்டை வைத்துச் செய்து பார்த்தாள். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஒன்பது போட்டாள். "பிழை விளக்கம் தெளிவு, எதுவும் விடுபடவில்லை" என்று எழுதினாள். மற்றதற்கு இரண்டு. "தூக்கம் வராதவர்களுக்கு உதவும்" என்று எழுதிவிட்டு, அவளே அதை வட்டிலிருந்து அழித்தாள்.

சனவரியில் எங்கள் பக்கம் முழுவதும் அரசாங்கம் இணையத்தை நிறுத்திவிட்டது. முங்கோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் இணைப்பு. நிரல் எழுதுகிறவர்கள் காலையில் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பினார்கள். எங்களில் எம்புவாவால் மட்டும் போக முடியவில்லை. அவனுடைய அடையாள அட்டை ஒரு வாடகைக் காரில் தொலைந்துபோயிருந்தது. அட்டை இல்லாதவனைப் பாலத்தில் சிப்பாய்கள் விட மாட்டார்கள். புது அட்டை எப்போது வரும் என்பது அலுவலகத்துக்கே தெரியாது.

எம்புவா கணக்கு வாத்தியாராக இருந்தவன். கூடத்தின் வட்டில் இருந்ததை மட்டும் படித்து நிரல் கற்றுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஒரு பேருந்துக் கம்பெனிக்குக் கைபேசியிலேயே டிக்கெட் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். அவன் பெயரில் வந்த முதல் வேலை அது. குறித்த நாளுக்குள் ஓடவில்லை என்றால் பாலம் தாண்டி டூவாலா நகரத்தில் ஒரு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

அவன்தான் ஒரு சாயங்காலம், எல்லோரும் பாலத்திலிருந்து திரும்பிக் கூடத்தில் இருந்தபோது, எனங்காவைக் கூப்பிட்டான்.

"மேடம் டென், கொஞ்சம் வாயேன்."

"என்ன மோலா?" எங்கள் பக்கம் ஆண்களை உரிமையோடு அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இந்தப் பிழை வந்துக்கிட்டே இருக்கு. எண்ணு மட்டும் காட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்னு நீ ஒன்பது போட்ட கையேட்டுல எங்க இருக்கு?"

"பிழைகள் அத்தியாயத்துல பாத்தியா?"

"பாத்தேன், எண்ணு இருக்கு, அர்த்தம் இல்ல. உன் சீட்டையும் போய்ப் படிச்சேன். எதுவும் விடுபடலைன்னு எழுதியிருக்க. அப்ப எங்கயோ இருக்கணும். என் கண்ணுலதான் பட மாட்டேங்குது."

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நாலோவா கெட்டிலைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தாள். "வாத்தியாரே, முதல்ல கண்ணாடிய மாத்து. அப்பவும் தெரியலேன்னா தலைய மாத்து."

எல்லோரும் சிரித்தார்கள். எம்புவாவும் சிரித்தான்.

எனங்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பிழை எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீல எழுத்தில் 'விளக்கத்துக்கு இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. எம்புவா அழுத்தினான். வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

மார்க் போட்ட அன்றைக்கு எனங்காவும் இதே நீல எழுத்தை அழுத்தினாள். பக்கம் திறந்தது, படித்தாள், திரும்பி வந்தாள். அந்தப் பக்கம் வட்டில் இல்லை, எங்கேயோ வெளியே இருக்கிறது என்பதை அவள் கவனிக்கவே இல்லை. இணையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையம் இல்லாதவனுக்கு மார்க் போட்டிருக்கிறாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாலோவா பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அவள் எழுதிய சீட்டுகள் வரிசையாக இருந்தன.

"வேற எங்கயாவது இருக்கும்," என்றாள் எனங்கா. "அவசரப்படாம பாரு."

"சரி சரி. நான்தான் மந்தம்."

வீட்டுக்குப் போனதும் அதே கையேட்டைத் திறந்து உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடியாக நடக்கிற வரை கையேடு அழகாகக் கூடவே வந்தது. ஏதாவது தவறினால் போதும், நீல எழுத்தைக் காட்டி வெளியே போகச் சொன்னது. அன்றைக்கு எத்தனை தடவை வெளியே போனோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. வீட்டுக்குள் அடுத்த அறைக்குப் போவது போலப் போய் வந்திருக்கிறாள். தூக்கம் வரவழைக்கும் என்று கிண்டல் செய்து அழித்த அந்தக் கையேட்டின் கடைசிப் பகுதி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு எண்ணும், அதன் கீழே அதன் காரணமும்.

மறுநாள் விடிந்ததும் வாடகைக் காரில் இடம் பிடித்துப் பாலத்துக்குப் போனாள். சிப்பாய் அவள் பையைப் பிரித்தான்.

"இதுல என்ன வெச்சிருக்க?"

"ஒரு கையேடு எடுக்கப் போறேன்."

"என்ன கையேடு?"

"போன்ல காசு வாங்கறது எப்படின்னு."

"அது எனக்கே தெரியுமே," என்று சிரித்து வழிவிட்டான்.

பாலத்துக்கு அப்பால் ஒரு கடையில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். முழுக்க எங்கள் ஊர் முகங்கள். எனங்கா தலையைக் குனிந்துகொண்டு, தான் அழித்த அந்தக் கையேட்டை இறக்கினாள். எம்புவாவின் பிழை எண்ணைத் தேடினாள். கைபேசி எண்ணுக்கு முன்னால் நாட்டு எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு வரி.

திரும்பி வந்து நேராக அவன் வீட்டுக்குப் போனாள். எம்புவா வாசலில் உட்கார்ந்து குவாக்கோக்கோ அவிக்கக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். நன்றாகத் தேய்த்த சட்டை போட்டிருந்தான். கிழங்கு துருவுகிறவன் போடுகிற சட்டை இல்லை அது.

"எங்கயாவது போயிட்டு வந்தியா மோலா?"

"கம்பெனிக்குத்தான். இது எனக்கு வராது, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன். நாள் கடத்தி அவங்கள ஏமாத்தறதவிட இது மேல். டூவாலாக்காரனுக்கு அங்கயே போன் போட்டாங்க."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன? புத்தகத்துல எழுதியிருக்கறதையே என்னால கண்டுபிடிக்க முடியல."

எனங்கா நின்றபடியே சொன்னாள். "நீ தேடினது அதுல இல்ல."

"இல்லையா?"

"இல்லவே இல்ல. நெட்டுல இருந்துச்சு. நான் நெட்ட வெச்சுக்கிட்டுப் பாத்துட்டு, கையேட்டுல இருக்குன்னு எழுதிட்டேன்."

எம்புவாவின் கை நின்றது. ஒரு கணம் அவன் முகம் தெளிந்தது. தான் மந்தம் இல்லை என்ற நிம்மதி அது. எனங்காவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவன் கேட்டான்.

"நேத்து என் பின்னால நின்னியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவன் மறுபடி துருவ ஆரம்பித்தான். "எல்லாரும் சிரிச்சப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, காலையில நான் இந்தச் சட்டையப் போட்டிருக்க மாட்டேன் சிஸ்டா."

எனங்கா அங்கிருந்து கம்பெனிக்குப் போனாள். தப்பு அவனுடையது இல்லை என்று மேனேஜரிடம் சொன்னாள். "நீங்க யாரு?" என்று கேட்டார் அவர். டூவாலாக்காரனோடு பேசி முடித்தாகிவிட்டது என்றார். கூடத்துக்கு வந்து ஒன்பது போட்ட சீட்டைக் கிழித்தாள். அதன் இடத்தில் நடந்ததைத் தன் பெயரோடு எழுதி ஒட்டினாள். யாரும் திட்டவில்லை. நாலோவா மட்டும், "அஷியா, எனங்கா," என்றாள். துக்கம் விசாரிக்கிற மாதிரி.

மழை தொடங்கிய பிறகு இணையம் திரும்பி வந்தது. எம்புவா பழைய பள்ளிக்கூடத்துக்கே கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டான். சனிக்கிழமைகளில் கூடத்துக்கு வருவான். எனங்கா மார்க் போடும்போது இணைய வயரைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வான். அது அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அவளுடைய பழைய மார்க்குகளை எல்லாம் இப்படித் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வாங்கியவை நாலுக்கு இறங்குகின்றன.

போன சனிக்கிழமை ஒரு கையேட்டின் நடுவில் எனங்கா சிக்கிக்கொண்டாள். யோசித்துக்கொண்டே இருந்தவளின் கை, அவள் சொல்லாமலே நகர்ந்து, இணையத்தைத் திறக்கிற இடத்துக்குப் போய் நின்றது.

"கை எங்க போகுது, மேடம் டென்?" என்றான் எம்புவா.

கூடம் சிரித்தது. எனங்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கும் வரை குனிந்தே இருந்துவிட்டு, கையேட்டில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மார்க்கைக் குறைத்தாள்.