புட்டுப்பானையில் ஒரு பூமணம்

2009 இலையுதிர்காலம். லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு சின்னப் பையைத் திறந்தான். கஞ்சா. ஆனால் என் மூக்கில் வந்து ஏறியது பூக்கடை! நான் இறங்க வேண்டிய தரிப்பு போனதே தெரியவில்லை.

இரசாயனம் படிக்கிறவனுக்கு இது போதாதா? தேடி வாசித்தேன். மணத்துக்காகவே கஞ்சாச் செடிகளைத் தெரிந்தெடுத்து, கலந்து, புதுவகை உண்டாக்குகிறார்களாம். லாவெண்டர்ப் பூவில் மணக்கும் லினலூல் என்ற இரசாயனம் அவற்றிலும் உண்டு. எங்கள் கொத்தமல்லி விதையிலும் உண்டு. அப்படியென்றால் கஞ்சா இல்லாமலே அந்த மணத்தைக் கட்டி எழுப்பலாமே! லாவெண்டர், கொத்தமல்லி, மிளகு, கூடவே பியருக்குப் போடும் ஹொப்ஸ் பூ. ஹொப்ஸ் கஞ்சாவுக்கு நெருங்கிய சொந்தம். எல்லாவற்றையும் அக்காவின் புட்டுப்பானையில் அவிய வைத்தேன்.

அன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது தெரியும். எங்கள் ஆட்கள்தானே, எப்படியும் பிந்தித்தான் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தவர்களோ ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். சொன்ன நேரத்துக்கே காரை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையோடு மாதக்கணக்காகப் போனில் சிரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இது சரிவர வேண்டும்.

"டேய், வீடு முழுக்கக் கஞ்சா மணக்குது!"

"இல்லை அக்கா, அது லினலூல்."

"அதை மாமியிட்டச் சொல்லு!"

அவசரத்தில் சாம்பிராணி போட்டாள். இப்போது வீடு, குற்றத்தை மறைக்கும் மாணவர் விடுதி மாதிரி மணந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். "என்ன பிள்ளை, சாமியறையில ஆரும் பீடி பத்தினவையோ?"

"அம்மா, இது பீடி மணம் இல்லை," என்றார் மாப்பிள்ளை. அதை எப்படி அறிந்தார் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பானையையே கூடத்துக்குத் தூக்கி வந்தாள். "இவன்ர படிப்பு மாமி. பூவும் மல்லி மிளகுச் சரக்கும்தான். பாருங்கோ."

மாமி குனிந்தார். மிளகு ஏறித் தும்மினார். பிறகு சிரித்தார். "என்ர மோனும் இப்பிடித்தான் சட்டி ஒண்டு விடாமல் கருக்கினவன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே வருத்தம்தான்."

அடுத்த ஞாயிறு கல்யாணத்துக்கு நாள் பார்க்க வருகிறார்கள். அதுவரை அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. சரி, அடுப்பே வேண்டாம். கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூவைப் பதித்து மணத்தை உறிஞ்ச விடும் முறை ஒன்று இருக்கிறது. இந்தத் தடவை மல்லிகை. தட்டு தான் கொண்டு வருவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இன்னும் தெரியாது.