கேட்காமல் வரும் அப்டேட்டுகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் திரும்பவும் ஓடவைப்பதுதான் என் தொழில்.

டெல்லி துவாரகாவில், எங்கள் செக்டார் மார்க்கெட்டின் முதல் மாடியில், பல் டாக்டருக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவே என் கடை. கேம் ஆடுகிற கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுப்பேன், பழுது பார்ப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. அப்டேட் வந்திருக்கும், அவ்வளவுதான். நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். நேற்று ஆடிய கேமை இன்று திறந்தால் ‘ஆடு’ பட்டன் இருந்த இடத்தில் ‘அப்டேட்’ பட்டன் இருக்கும். அதை அழுத்தினால்தான் உள்ளே போகலாம். அழுத்தினால், நீங்கள் ஆசையாகப் போட்டுவைத்த மோட் எல்லாம் காலி.

மோட் என்றால், ரசிகர்கள் தாங்களாகவே செய்து கேமுக்குள் பொருத்துகிற மாற்றம். வாடகை வீட்டுச் சுவரில் நாம் அடிக்கிற ஆணி மாதிரி. ஆன்லைன் கடையில் பணம் கட்டி வாங்கியதால் வீடு நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாம் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். ஆணியும் இருக்காது, மாட்டிய படமும் இருக்காது. சுவர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் தமிழும் இந்தியுமாகப் படித்து, வெளிநாட்டில் நெடுங்காலம் ஒரு கேம் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். அப்டேட்டை அனுப்புகிற பக்கமும் தெரியும், அதை வாங்கிக் கட்டிக்கொள்கிற பக்கமும் தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பையா எங்கே?

காலேஜ் படிக்கிற ஒரு பையன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் பார்த்தான். மேஜைக்கு அடியிலும் ஒரு பார்வை. “ஆன்ட்டி, பையா எப்ப வருவாரு?” என்று இந்தியில் கேட்டான். கடைக்கார அண்ணனைக் கேட்கிறான். இங்கே பையா என்று யாரும் கிடையாது, நான்தான் என்றேன். மனசே இல்லாமல் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

அப்டேட்டுக்குப் பிறகு கேம் திறக்கவே இல்லையாம். ஏகப்பட்ட மோட் போட்டிருந்தான். எது இடிக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது விடிந்துவிடும். நான் எப்போதும் செய்வது போல, பாதியை எடுத்துவிட்டுத் திறந்தேன். திறந்தது. எடுத்ததில் பாதியைத் திரும்பப் போட்டேன். திறக்கவில்லை. அதில் பாதி, அப்புறம் அதில் பாதி. டீ ஆறுவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டேன்: குதிரைக்கு ஜடை பின்னுகிற ஒரு மோட். பையன் நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னான்: “ஆன்ட்டி, எங்க மம்மி பருப்புல கல் பொறுக்குற மாதிரியே பண்றீங்க. ஆனா மம்மி இவ்வளவு ஜல்தியாப் பண்ண மாட்டாங்க.”

ரோஸ் நிற மாடுகள்

இன்னொரு வாடிக்கையாளர் மத்திய அரசில் பெரிய பதவியில் இருக்கிறவர், பூர்வீகம் தஞ்சாவூர். ஆபீஸ் முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் விவசாயம் பார்ப்பார். கேமில் வருவது வெளிநாட்டுப் பண்ணை. யாரோ ஒரு புண்ணியவான் செய்த மோட் மூலம் அதில் திமில் வைத்த நம்மூர் மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார். ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார்: “ஏம்மா, என் மாடெல்லாம் ரோஸ் கலரா மாறிடுத்து. வியாதியா?”

வியாதி இல்லை. ஒரு பொருளுக்கான படம் கிடைக்காவிட்டால் சில கேம்கள் அந்த இடத்தைக் கண்ணை அடிக்கிற ரோஸ் நிறத்தால் நிரப்பிவிடும். அப்டேட்டில் கம்பெனி படங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது. மோட் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. பாதையைத் திருத்தியதும் மாடுகள் வெளுத்தன. அவருக்குத்தான் கோபம் அடங்கவில்லை. “இடத்த மாத்தட்டும், வேண்டாங்கல. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நாற்காலிய நகர்த்தினாக்கூட மூணு நாள் முன்னாடி சர்க்குலர் வரும். கவர்மென்டை விட மோசமா ஒரு இடம் இருக்கும்னு நான் கனவுலகூட நெனைக்கலம்மா.”

ரவுட்டரில் சிவப்பு டேக்

ஜெபராஜை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்காரர். விமான நிலையத்தில், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிற இழுவை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்ததில் வலது கை சரியாக எழவில்லை. இப்போது மேஜை வேலை. மனைவி ஸ்டெல்லா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவார். ஊரிலிருந்து தம்பி செல்வினும் அவனுடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். நாலு லாரி, வரிசையாக, பேசிக்கொண்டே. ஒற்றைக் கையால் ஓட்ட வசதியாக அவருக்கு ஒரு மோட் தேடிப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். ஸ்டீயரிங் தானாக நேராகும், ரிவர்ஸில் வண்டி தானாக மெல்ல ஊரும். கை சரியாகிவிட்டது என்று தம்பியிடம் சொல்லிவைத்திருந்தார். தம்பியும் அவர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து நம்பியிருந்தான்.

பெரிய அப்டேட் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஜெபராஜ் தன் ஆபீஸ் வழக்கப்படி ஒரு காரியம் செய்தார். விமான நிலையத்தில் பழுதான வண்டியில் சிவப்பு டேக் தொங்கினால் யாரும் தொட மாட்டார்கள். வீட்டு ரவுட்டரை அணைத்து, அதில் சிவப்பு டேக் ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நெட் இல்லையென்றால் அப்டேட் எப்படி வரும்? நியாயம்தான். ஆனால் அவர்கள் தரைத்தள வீட்டில் போன் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்டெல்லாவின் டியூட்டி மாறியதாக வந்த செய்தி வெளியிலேயே நின்றுவிட்டது. விடியற்காலையில் எழுந்து, வழியில் போனைப் பார்க்காமல் தூங்கி வழிந்தபடி இரண்டு மெட்ரோ மாறி ஆஸ்பத்திரிக்குப் போனவளை, இன்று உனக்கு லீவு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நேராக என் கடைக்கு வந்தாள். “டேக்கைப் பார்த்தும் ஏம்மா ரவுட்டரைப் போடலை?” என்று கேட்டேன். “டேக் தொங்குற ஆக்சிஜன் சிலிண்டரத் தொடக்கூடாதுன்னு எங்களுக்கும் டிரெயினிங் குடுத்திருக்காங்கக்கா. ரெண்டு பேரும் இப்படி ஒழுங்கா வேல பாத்தா குடும்பம் எப்படிக்கா நடக்கும்?”

இரண்டு கையும்

டேக் கழற்றப்பட்டது. ஞாயிறன்று தம்பியோடு ஓட்ட நெட் வேண்டும், நெட் போட்டதும் அப்டேட் வந்தது, மோட் செத்தது. நெட் சரியில்லை என்று தம்பியிடம் சொல்லி அந்த வாரத்தைத் தள்ளிவிட்டு ஜெபராஜ் என்னிடம் வந்தார். அந்தக் கம்பெனி பழைய பதிப்பையும் ஆன்லைன் கடையில் வைத்திருக்கிறது. ஜெபராஜைப் பழையதற்கு இறக்குவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் சேர்ந்து ஓட்ட எல்லாரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். செல்வின் கோஷ்டியோ புதுப் பதிப்பில் வந்த மலைச்சாலை மேப்பைக் காசு கொடுத்து வாங்கியிருந்தது. “தம்பியிடம் நான் பேசவா?” என்றேன். “வேண்டாம்க்கா. கை சங்கதி தெரிஞ்சா நாளைக்கே ரயிலேறி வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். இங்க நான் எப்படியோ ஓட்டிட்டிருக்கேன்.”

மிச்சமிருந்த ஒரே வழி, மோட் செய்தவரைப் பிடிப்பது. எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறவர்; சம்பளமில்லாமல், நல்ல மனசால் அதைச் செய்தவர். விஷயத்தை விளக்கி, புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றித் தர முடியுமா என்று எழுதினேன். மறுநாளே ஆங்கிலத்தில் பதில் வந்தது: “கட்டாயம் செய்கிறேன், ஆனால் இப்போது இல்லை. எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒற்றைக் கையால் ஓட்டுவதற்கு மோட் எழுத இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.”

மலைச்சாலையில் ஒரு மறியல்

அடுத்த ஞாயிறு ஜெபராஜ் வீட்டுக்குப் போனேன். மோட் இல்லாமலே சமாளிக்க முடியுமா பார்ப்போம் என்று எல்லா வேலையையும் இடது கைக்கு எட்டுகிற விசைகளுக்கு மாற்றிக் கொடுத்தேன். நேர் ரோட்டில் ஓடும், மலையில் கஷ்டம் என்பதையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இரண்டாவது வளைவிலேயே லாரி ஒரு பக்கமும் பின்பெட்டி ஒரு பக்கமுமாக மடங்கி ரோட்டை முழுசாக அடைத்துவிட்டது. பின்னால் மூன்று லாரியும் நின்று ஹாரன் அடித்தன.

“என்னண்ணே, குறுக்க நிக்க? ரிவர்ஸ் எடு” என்றான் செல்வின். எடுத்தார், பாறையில் இடித்தது. நண்பன் ஒருவன் சிரித்தான்: “செல்வினு, ஒங்கண்ணன் பிளேனத் தள்ளுனாருன்னு சொன்னியே, இப்படித்தான் தள்ளுனாராடே?” எனக்குப் பொறுக்கவில்லை. நானே ரிவர்ஸ் எடுத்துவிடலாம் என்று கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினேன். ஜெபராஜ் இடது கையால் என் கையை விலக்கினார். மைக்கை வாய்க்கு இழுத்துக்கொண்டார். “செல்வின், எனக்கு வலது கை வெளங்கல. அன்னைக்கு விழுந்ததுல இருந்தே அப்படித்தான். சரியாப்போச்சுன்னு சொன்னது பொய். ஒரு மோட் வச்சு ஓட்டிட்டிருந்தேன், அதையும் அப்டேட் தின்னுட்டுது. நீங்க என்னைய விட்டுட்டுப் போங்க.”

ஹாரன் நின்றது. சமையலறை வாசலில் ஸ்டெல்லா கரண்டியோடு நின்றுவிட்டாள். செல்வின் ஒரு மெக்கானிக் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: “அந்த மோட் எந்த வெர்ஷன்ல ஓடும்?”

பழையதில் ஓடும், ஆனால் நாலு பேரும் இறங்க வேண்டும், நீங்கள் வாங்கிய மலைச்சாலை போய்விடும் என்று நான் மைக்கில் சொன்னேன். சிரித்த நண்பன்தான் முதலில் பேசினான்: “அண்ணாச்சி, தெரியாமச் சிரிச்சிட்டேன். எப்படி எறங்கணும்னு அக்காவச் சொல்லச் சொல்லுங்க.” நாலு கம்ப்யூட்டரும் பழைய பதிப்புக்கு இறங்கின. பழைய ரோட்டில், பழைய வரிசையில் லாரிகள் நின்றதும் செல்வின் சொன்னான்: “அண்ணே, நீ முன்னால போ, நாங்க பின்னால வாறோம். ஊருக்கு வான்னு ஒன்னைய நான் கூப்பிட மாட்டேன். ஆனா இனிமே எங்கிட்டப் பொய் சொன்ன, ஸ்டெல்லா மைனிகிட்டச் சொல்லி ரவுட்டருக்கு மாட்டுன டேக்க ஒனக்கு மாட்டச் சொல்லிருவேன்.”

அந்தக் கேம் கம்பெனி இரவு பகலாக உழைத்துச் செய்துவரும் முன்னேற்றங்களில் ஒன்றுகூட அந்த நாலு லாரிக்கும் இதுவரை போய்ச் சேரவில்லை என்பதையும், ஞாயிற்றுக்கிழமைகள் அதனால் ஒரு குறையுமின்றி நடந்துவருகின்றன என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.