புகை வாடை

வடசென்னை காலடிப்பேட்டையில் வளர்ந்த நானும் என் கணவரும் தொண்ணூறுகளின் கடைசியில் பாப்புவா நியூ கினி மலைகளில் ஒரு வருடம் மிஷன் ஊழியம் செய்தோம். அவர் சின்ன விமானம் ஓட்டுவார். நான் தரையிலிருந்து ரேடியோவில் வானிலை சொல்வேன்.

பிரசவத்தில் சிக்கிய ஒரு பெண்ணை ஏற்றிப்போக, ஒருநாள் நான் இருந்த மலையூருக்கு விமானத்தில் வந்தார்.

“அங்க வானம் எப்டி கீது?” என்றார் ரேடியோவில்.

“மேகம் மூடிகினு கீது. எறங்காதய்யா, திரும்பிடு.”

அவர் திரும்பிய பிறகுதான் அந்த ஊர் நர்ஸ் கேட்டாள், அது தோட்டம் போடக் காட்டை எரிக்கும் புகை, வாடை தெரியவில்லையா என்று. எண்ணூர் ஆலைப் புகையில் வளர்ந்த மூக்குக்குத் தெரியவில்லை. புகை உடனே கலைந்தது. மலைக்கு அப்பால் போனவருக்கு என் குரல் எட்டவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இன்றும் காலடிப்பேட்டை வீட்டில் நான் மாடியில் துணி காயப்போடும்போது, “மழ வருமா?” என்று அவர் கேட்பார். எண்ணூர் பக்கம் மேகமோ புகையோ வெள்ளையாக எழும்பியிருக்கும். மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒரு வாடையும் வருவதில்லை.