பேழையும் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களும்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜராக உட்கார்ந்து, லோடு ஏற்றுவது எப்படி என்று ஊருக்கே பாடம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாண மண்டப ஸ்டோர் ரூமில் சாமான் அடுக்கத் தெரியாமல் முதலாளி வீட்டு முகூர்த்தத்தையே நிறுத்தப் பார்த்தவன் நான்தான். புதிதாக வரும் தம்பிகளிடம் வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலாளி மகனுக்கு ராசிபுரத்தில் கல்யாணம். பி.ஏ. படித்தவன், திருடமாட்டான் என்று ஸ்டோர் ரூம் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு இஷ்டமில்லை, பையில் ஒரு தடித்த நாவல் பாதியில் கிடந்தது. பெண் வீட்டார் அந்தப் படிப்பை நம்பாமல், என்னைக் கண்காணிக்க ஒருத்தியை உட்கார வைத்தார்கள். மணப்பெண்ணின் சித்தப்பா மகள் சாந்தாமணி, கணக்கு டீச்சர். அவளுக்கும் இஷ்டமில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் தொழிலில் நசுங்கும் சரக்கை உள்ளே, கேபின் ஓரமாக வைப்போம். அதே நியாயப்படி, காலையில் முதலில் வந்த மூங்கில் பேழையை அறையின் கடைக்கோடியில் பத்திரப்படுத்தினேன். அதற்கு முன்னால் அரிசி, தேங்காய், வாழைத்தார் எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு ஏற்றினேன். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்ற சடங்கு நடக்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளையின் அக்கா அந்தப் பேழையைச் சுமந்து வர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதுதான் முதலில் இறங்க வேண்டிய சரக்கு என்பது மட்டும் தோன்றவில்லை.

முதலாளி வாசலில் வந்து நின்றார்.

“பேழை எங்கப்பா?”

“பத்திரமா உள்ளார இருக்குதுங்க.”

எட்டிப் பார்த்தார். “சாமி, அஞ்சு நிமிசத்துல அது மேடைக்கு வரோணும். வரலீன்னா திங்கக்கெழம நீ ஆபீசுக்கு வர வேண்டாம்.”

மூட்டையை இழுத்தேன், அசையவில்லை. சாந்தாமணி சிவப்புப் பேனாவை மூடினாள்.

“ஏனுங்க, இப்படித்தான் லோடு ஏத்துவீங்களா? எறக்கறவன் என்ன பண்ணுவானுங்க?”

“அது டெலிவரி எடுக்கற பார்ட்டி பொறுப்புங்க.”

“இன்னைக்கு அந்தப் பார்ட்டியும் நீங்கதான். இதப் புடிங்க.”

விடைத்தாள் கட்டை என் கையில் திணித்து, பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டைகள்மேல் ஏறினாள். தேங்காய்கள் உருண்டன. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பேழை நீண்டது. வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. விடைத்தாள்களைப் பக்கத்தில் எதன்மேலோ வைத்தேன். அது மூடி திறந்த நெய் டின்.

பேழை மேடைக்குப் போனது. என் வேலை பிழைத்தது. ஐம்பத்தெட்டு பிள்ளைகளின் அல்ஜீப்ரா ராசிபுரம் நெய்யில் மினுமினுத்தது.

“மார்க்கெல்லாம் மங்கிப் போச்சுங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து மறுபடி எழுதிக் குடுங்க. அப்பா இருப்பாரு.”

மூன்று ஞாயிறு பஸ் ஏறினேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் படிப்பாள். நான் எழுதிக் கூட்டுவேன். நாலாவது ஞாயிறும் போனேன்.

“இன்னும் எத்தன பேப்பருங்க பாக்கி?” என்றார் அவள் அப்பா.

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம்?”

அடுத்த தையில் எங்கள் கல்யாணம். ஸ்டோர் ரூம் சாவியை யாரும் என்னிடம் தரவில்லை.

முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியாக ஏற்றுங்கள், தம்பிகளே. இத்துடன் எழுதி முடித்து, சாந்தாமணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

“மார்க் ஒண்ணும் மங்கலீங்க. நெய்யத் தொடச்சதும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

இத்தனை வருடம் கழித்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. “அப்ப, என்னப் பாக்கத்தான் வரச் சொன்னியா?”

“இல்லீங்க. அம்பத்தெட்டுப் பேப்பர் கூட்டல் பாக்கோணும். சும்மா ஒரு ஆளு கெடைச்சா ஆராச்சும் வேண்டாம்பாங்களா?”